ஒரே கேம், மூன்று நகல்

கேள்வி: மூன்று விதமான மோட்களுக்காக (கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்யும் சேர்க்கைகள்) ஒரே கேமை மூன்று ஃபோல்டர்களில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 40 ஜிபி. முக்கால்வாசி ஃபைல்கள் மூன்றிலும் ஒன்றேதான். ஒரு நகலை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஷார்ட்கட் வைத்துப் பார்த்தேன், கேம் திறக்கவில்லை. விண்டோஸ் கணினி, டிஸ்க்கில் 9 ஜிபிதான் மிச்சம். என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்குத் தேவை ஷார்ட்கட் இல்லை, ஹார்ட் லிங்க். ஷார்ட்கட் என்பது முகவரி எழுதிய ஒரு தனி ஃபைல். கேம் அதைத் திறந்தால் முகவரிதான் கிடைக்கும், படமோ ஒலியோ கிடைக்காது. ஹார்ட் லிங்க் அப்படியில்லை. டிஸ்க்கில் ஓரிடத்தில் இருக்கும் தரவுக்கு இன்னொரு பெயர் வைப்பது அது. இரண்டு பெயருக்கும் சம உரிமை. ஒன்றை அழித்தாலும் மற்றது வேலை செய்யும். கடைசிப் பெயரும் போனால்தான் தரவு போகும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த டிஸ்க்கில் ஒரு ஃபைலுக்கு ஆயிரம் பெயர் வரை வைக்கலாம். ஆனால் எல்லாம் ஒரே டிரைவில் இருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் அமைந்த டிரைவில் இது நடக்காது.

இரண்டு ஃபைல்கள் ஒன்றேதானா என்று முடிவு செய்ய, பெயரும் அளவும் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கைரேகை போல ஒரு குறியீட்டைத் தரும் ஷா-256 கணக்கிட்டு, இரண்டுக்கும் ஒரே விடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இரண்டாவது நகலை அழித்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'எம்கேலிங்க்' கட்டளையை '/எச்' சேர்த்துக் கொடுங்கள். அதில் புதிய பெயர் முதலில், இருக்கும் ஃபைல் பிறகு. லினக்ஸின் 'எல்என்' கட்டளையில் இந்த வரிசை அப்படியே தலைகீழ்.

எதைப் பகிரலாம் என்பதில்தான் கவனம் வேண்டும். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்), ஒலி, வீடியோ போல கேம் படிக்க மட்டும் செய்யும் பெரிய ஃபைல்களைத் தாராளமாகப் பகிரலாம். சேவ், செட்டிங்ஸ் ஃபைல்களைத் தொடவே கூடாது. நான் முதல் முறை செய்தபோது ஃபோல்டர் முழுவதையும் ஒரு கருவியிடம் கொடுத்துவிட்டேன். அது செட்டிங்ஸ் ஃபைலையும் சேர்த்து இணைத்துவிட்டது. ஒரு மோடில் கீபோர்டு அமைப்பை மாற்றினால் மற்றதிலும் மாறியது. காரணம் புரிய எனக்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று.

அப்டேட்டிலும் இதே சிக்கல் உண்டு. சில அப்டேட்டர்கள் புதிய ஃபைலை எழுதிவிட்டுப் பழையதன் இடத்தில் வைக்கும். அப்போது லிங்க் அறுந்துவிடும். மற்ற நகல்கள் பழையபடியே இருக்கும், மிச்சப்படுத்திய இடம் மட்டும் போகும். வேறு சில, இருக்கும் ஃபைலுக்குள்ளேயே திருத்தி எழுதும். அது மூன்று மோட்களையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடும். பழைய பதிப்பை நம்பியிருக்கும் மோட் அத்தோடு நின்றுவிடும். ஆகவே நான் அப்டேட்டை நிறுத்திவிட்ட கேம்களில் மட்டுமே லிங்க் போடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சரி, லிங்க் போடும் முன் கேமுக்கே பகிரும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். 1993-இல் வந்த டூம் கேமிலேயே தரவு புரோகிராமிலிருந்து பிரிந்து 'வாட்' என்ற தனி ஃபைலில்தான் இருந்தது. இன்றும் ஜிஇசட்டூம் போன்ற, டூமை இயக்கும் எஞ்சின்களில் ஒரே ஒரு டூம் 2 வாட் ஃபைலை வைத்துக்கொண்டு எத்தனை மோட் வேண்டுமானாலும் ஆடலாம். அந்தப் பிரிவினை எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது. எல்லா கேம்களும் அப்படி வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

எல்லாம் முடித்த பிறகும் ஃபோல்டர் பிராப்பர்ட்டீஸில் ஒவ்வொன்றும் 40 ஜிபி என்றுதான் காட்டும். ஒவ்வொரு பெயரையும் அது தனித்தனியாக எண்ணுகிறது, பயப்பட வேண்டாம். டிரைவில் காலி இடம் எவ்வளவு கூடியது என்பதைப் பாருங்கள், அதுதான் கணக்கு. அப்புறம், இந்த மூன்று ஃபோல்டரையும் சாதாரணமாக வேறு டிரைவுக்குக் காப்பி செய்தால் லிங்க் கூடவே வராது. அங்கே மறுபடி 120 ஜிபி பிடிக்கும்.