நட்சத்திர வெளிச்சம் யார்மேல் விழுகிறது? – கேள்வி பதில்

தன்பாலீர்ப்பாளர்கள், திருநர் மீதான வன்முறையைப் பற்றிப் பிரபலங்கள் பேசினால் என்ன நடக்கும் என்பது இந்த வாரத் தலைப்பு. அமெரிக்க வெறுப்புக் குற்றச் சட்டங்களைத்தான், அதாவது ஒருவரின் இனம், பாலீர்ப்பு போன்றவற்றின் மீதான வெறுப்பால் செய்யப்படும் குற்றங்களுக்கான சட்டங்களைத்தான், நான் நெடுநாளாகப் படித்து வருகிறேன். அதனால் பதில்கள் பெரும்பாலும் அந்த நாட்டையே சுற்றி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): அக்கா, இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் மேத்யூ ஷெப்பர்ட் என்ற பெயர் வருகிறதே, யார் அவர்?

வயோமிங் மாநிலத்தில் லாரமி என்ற ஊரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையன், தன்பாலீர்ப்பாளர். 1998 அக்டோபர் 6ஆம் தேதி இரவு, மதுக்கூடத்தில் அறிமுகமான இரண்டு பேர் அவரை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். துப்பாக்கியின் பிடியால் மண்டையில் அடித்து, மரவேலியில் கட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நடுங்கும் குளிரில் ஏறக்குறைய 18 மணி நேரம் அப்படியே கிடந்தார். அந்தப் பக்கம் சைக்கிளில் வந்த மாணவர் ஒருவர் முதலில் அதைச் சோளக்கொல்லைப் பொம்மை என்று நினைத்துவிட்டார். அக்டோபர் 12 அன்று மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

கேள்வி (வழக்கறிஞர், சேலம்): அது வெறும் கொள்ளை, போதைத் தகராறு என்று ஒரு புத்தகம் சொல்கிறதாமே?

2013இல் அப்படி ஒரு புத்தகம் வந்தது உண்மை. வழக்கை விசாரித்த அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. பணப்பையையும் காலணியையும் எடுத்துக்கொண்டார்கள், ஆகவே கொள்ளையும் நடந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 'அவர் என்னிடம் பாலியல் நோக்கத்தோடு நெருங்கினார், அதனால் நிலைதடுமாறினேன்' என்று வாதாட முயன்றது குற்றவாளித் தரப்புதான். நீதிபதி அனுமதிக்கவில்லை. வெறும் கொள்ளை என்றால் அந்த வாதத்துக்கு அங்கே என்ன வேலை, நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி (பத்திரிகையாளர், சென்னை): அப்போது பிரபலங்கள் என்ன செய்தார்கள்?

இறந்த இரண்டாம் நாள், வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் நகைச்சுவை நடிகை எல்லன் டிஜெனரஸ் பேசினார். அழுகையும் ஆத்திரமுமாக வந்த பேச்சு அது. இப்படி ஒன்று நடக்காமல் தடுக்கத்தான் தன்னைப் பற்றி வெளியே சொன்னேன் என்ற பொருளில் பேசினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதை டைம் இதழ் அட்டையிலேயே அறிவித்திருந்தார். 1998இல், இந்தக் கொலைக்குச் சில மாதங்கள் முன்பு, அவருடைய தொலைக்காட்சித் தொடர் நிறுத்தப்பட்டது. ஆகவே அந்தப் படிகளில் நின்றபோது அவர் கையில் தொடர் இல்லை. அவர் பேச்சை மற்ற நட்சத்திரங்களின் இரங்கல் அறிக்கைகளோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வராததற்கு இதுவே காரணம்.

எல்டன் ஜான் 1999இல் லாரமிக்கே போய்க் கச்சேரி செய்தார். 2001இல் வெளியிட்ட தொகுப்பில் இந்தக் கொலையைப் பற்றி ஒரு பாட்டும் உண்டு.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்): அப்படியானால் ஷெப்பர்ட் பெயரிலான வெறுப்புக் குற்றச் சட்டம் இவர்களால்தான் வந்தது என்று சொல்லலாமா அம்மா?

சொல்ல முடியாது ஐயா. கொலை நடந்தது 1998இல், சட்டத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டது 2009 அக்டோபர் 28இல். நடுவில் 11 ஆண்டுகள்.

1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தில் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவை மட்டுமே இருந்தன. அதுவும், தாக்கப்பட்டவர் வாக்களிப்பது, பள்ளிக்குப் போவது போன்ற குறிப்பிட்ட சில செயல்களில் ஈடுபட்டிருந்தால்தான் செல்லும். பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் சேர்க்க ஒவ்வொரு முறையும் முட்டுக்கட்டை விழுந்தது. 2007இல் இரண்டு அவைகளும் தனித்தனியே ஒப்புக்கொண்ட பிறகும், அதிபர் புஷ் தரப்பின் வீட்டோ மிரட்டலுக்கு நடுவே இறுதி வடிவத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். கடைசியில் பாதுகாப்புத் துறை மசோதாவின் முதுகில் ஏறித்தான் கரை சேர்ந்தது.

இந்த 11 ஆண்டும் நடையாய் நடந்தவர் தாய் ஜூடி ஷெப்பர்ட். கேமராக்கள் போன பிறகும் அவர் போகவில்லை. சட்டத்தின் பெயரில் இன்னொருவரும் இருக்கிறார்: ஜேம்ஸ் பேர்ட். அதே 1998 ஜூனில் டெக்சாஸின் ஜாஸ்பரில் வெள்ளை இனவெறியர்கள் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக் கொன்ற கறுப்பர்.

இத்தனைக்குப் பிறகும் வயோமிங் மாநிலம் தனக்கென்று ஒரு வெறுப்புக் குற்றச் சட்டம் இயற்றவில்லை.

கேள்வி (திருநங்கை, தூத்துக்குடி): எங்களில் ஒருத்தி கொல்லப்பட்டால் எந்த நட்சத்திரம் வருகிறது?

வருவதில்லை, அம்மா. ஷெப்பர்ட் இறந்து 47ஆம் நாள், 1998 நவம்பர் 28 அன்று, பாஸ்டனின் ஆல்ஸ்டன் பகுதியில் ரீட்டா ஹெஸ்டர் என்ற கறுப்பினத் திருநங்கை தன் வீட்டிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். நாடாளுமன்றப் படிகளில் யாரும் கூடவில்லை. சில பத்திரிகைகள் 'அவன்' என்று எழுதின, 'ரீட்டா' என்ற பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டன. அவர் தானே வைத்துக்கொண்டு வாழ்ந்த பெயரை ஏதோ திருட்டுப் பெயர் போல!

மெழுகுவத்தி ஏந்தி நடந்தவர்கள் அவருடைய நண்பர்களும் குடும்பத்தாரும்தான். குவெண்டலின் ஆன் ஸ்மித் என்ற திருநங்கை, இப்படிக் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை இணையத்தில் தொகுக்கத் தொடங்கினார். 1999இல் அஞ்சலிக் கூட்டங்கள் நடந்தன. நவம்பர் 20 அன்று பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் திருநர் நினைவு நாள் அங்கிருந்து வந்ததுதான். ரீட்டாவைக் கொன்றவர் இன்னும் பிடிபடவில்லை.

2014இல் டைம் அட்டையில் இடம்பெற்ற நடிகை லாவர்ன் காக்ஸ், கறுப்பினத் திருநங்கைகளின் கொலைகளைப் பற்றி விடாமல் பேசுகிறார். அவரும் கறுப்பினத் திருநங்கை. ஷெப்பர்டின் படத்தைப் பார்த்து 'நம் வீட்டுப் பிள்ளை' என்று அழுத நாடு ரீட்டாவை அப்படிப் பார்க்கவில்லை. நட்சத்திரங்களும் அந்த நாட்டில் வளர்ந்தவர்கள்தானே.

கேள்வி (வாசகர், சிங்கப்பூர்): புரூணை ஓட்டல்களை ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் குளூனி புறக்கணிக்கச் சொன்னாரே, பலித்ததா?

பாதி பலித்தது. ஆண்களின் தன்பாலுறவுக்குக் கல்லெறிந்து கொல்லும் தண்டனை வரை விதிக்கும் சட்டம் 2019 ஏப்ரல் 3 முதல் அங்கே நடப்புக்கு வந்தது. லண்டன், பாரிஸ், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களில் புரூணை அரசுக்குச் சொந்தமான ஒன்பது ஓட்டல்களைக் குளூனி பட்டியல் போட்டார். எல்டன் ஜானும் சேர்ந்துகொண்டார். மே மாதம், மரண தண்டனை நிறைவேற்றப்படாது என்று சுல்தான் அறிவித்தார். ஆனால் சட்டம் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. பெண்களின் தன்பாலுறவுக்கான பிரம்படியும் நீக்கப்படவில்லை. மற்றபடி, அந்தப் பட்டியலில் இருந்த பெவர்லி ஹில்ஸ் சொகுசு ஓட்டலில் அறை எடுக்காமல் இருப்பது நம்மில் பலருக்குச் சுலபமான தியாகம்தான்.

கேள்வி (அதே கல்லூரி மாணவி): ஷெப்பர்டை அடக்கம் செய்ய 20 ஆண்டுகள் ஆனது ஏன்?

கேஸ்பர் நகரில் இறுதிச் சடங்கு நடந்தபோது, கான்சாஸிலிருந்து ஒரு தேவாலயக் குழுவினர் வெறுப்பு வாசகங்கள் எழுதிய அட்டைகளோடு வந்து வாசலில் நின்றார்கள். கொலை வழக்கின்போது நீதிமன்றத்துக்கும் வந்தார்கள். அதற்கு மேத்யூவின் தோழி ஒருத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். பிளாஸ்டிக் குழாய்களை வளைத்து, வெள்ளைத் துணி போர்த்து, ஆளுயரத்துக்கு மேல் விரியும் தேவதைச் சிறகுகள் செய்தார்கள். நண்பர்கள் அவற்றை மாட்டிக்கொண்டு அந்த அட்டைகளுக்கு முன்னால் வரிசையாக, ஒரு சொல்லும் பேசாமல் நின்றார்கள். அட்டைகள் மறைந்துபோயின.

கல்லறை என்று ஒன்று இருந்தால் அதையும் சிதைப்பார்கள் என்று பெற்றோர் அஞ்சினார்கள். சாம்பலைத் தங்களிடமே வைத்திருந்தார்கள். 2018 அக்டோபர் 26 அன்றுதான் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தின் நிலவறையில் அதை வைத்தார்கள். ஹெலன் கெல்லரின் சாம்பலும் அங்கேதான் இருக்கிறது.