ஆறு முறை தோற்றாயிற்று, ஏழாவது வருமா?

கேள்வி: சந்தை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டும் செயலியை மைத்துனர் அறிமுகப்படுத்தினார். தோற்றால் அடுத்த முறை இரண்டு மடங்கு கட்டச் சொல்கிறார். ஆறு முறை தொடர்ந்து தோற்றுவிட்டேன். "ஏழாவது கட்டாயம் வரும், கடன் வாங்கியாவது கட்டு" என்று தினமும் நச்சரிக்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நாணயத்தில் பூ விழ வாய்ப்பு பாதி என்பது உங்களுக்குத் தெரியும். தொடர்ந்து ஆறு முறை தோற்க வாய்ப்பு 64-இல் 1 என்பதும் தெரிந்திருக்கும். சிக்கல், அந்த 64-ஐ ஏழாவது பந்தயத்துக்கும் தூக்கிக்கொண்டு போவதுதான். நடந்து முடிந்த ஆறுக்கு இனி நிகழ்தகவு கிடையாது. ஏழாவதுக்கு வாய்ப்பு, மிஞ்சிப்போனால், அதே பாதி.

"ஏழாவது கட்டாயம் வரும்" என்று மைத்துனர் சொல்வது கணித அறிஞர் பெர்னோலியின் புத்தகம் 1713-இல் நிறுவிய பெரும் எண்கள் விதியைத் தப்பாகப் பிடித்துக்கொண்டதால். முயற்சிகள் பெருகப் பெருக, விழும் விகிதம் உண்மையான வாய்ப்பை நெருங்கும் என்பதுதான் அந்த விதி. ஆறு பூ தொடர்ந்து விழுந்த பிறகு இன்னும் 1,000 முறை சுண்டுங்கள். அதில் சுமார் 500 பூ வரும். மொத்தம் 1,006-இல் 506, அதாவது 50.3 சதவீதம். பாருங்கள், அந்த ஆறை ஈடுகட்ட தலை ஒன்றுகூட அதிகமாக விழவில்லை. கூட்டத்தில் அது கரைந்தது, அவ்வளவுதான். மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் 1913-இல் சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் கொண்ட ரூலெட் சக்கரத்தில் பந்து 26 முறை தொடர்ந்து கறுப்பில் விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று நம்பிக் கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். முதல் பந்தயம் 1 என்றால் இதுவரை போனது 1+2+4+8+16+32, மொத்தம் 63. ஏழாவதுக்கு 64 வேண்டும். ஜெயித்தால் எல்லாம் போக மிச்சம் வெறும் 1. தோற்றால் போனது 127, அதில் பாதி கடன். ஆண்டு வட்டி 15 சதவீதம் என்றால் 64-க்கு ஒரு மாத வட்டியே 0.8. ஜெயித்தாலும் அந்த 1-இல் பெரும்பகுதி வட்டிக்குத்தான் போகும். செயலியின் கமிஷனை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

இப்போது பல செயலிகளில் 'தானாக இரட்டிப்பாக்கு' என்று ஒரு பொத்தான் வைக்கிறார்கள். எனக்கு எரிச்சலூட்டும் வசதி அது. இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள். அந்த 63 போனது போனதுதான்.

மைத்துனரிடம் மறுத்துப் பேசத் தயக்கமாக இருந்தால் அவர் கையில் ஒரு நாணயத்தைக் கொடுங்கள். மூன்று முறை தொடர்ந்து பூ விழும்போதெல்லாம் அதற்கு அடுத்தது என்ன விழுகிறது என்பதை மட்டும் அவரே எழுதட்டும். இருபது, முப்பது பதிவு சேர்ந்ததும் இருவரும் உட்கார்ந்து எண்ணுங்கள். ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான் இருக்கும். அதுவரை கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.