ஆயில் மூடியில் வெண்ணெய்

கேள்வி: என் பிளக்-இன் ஹைப்ரிட் காருக்கு (சார்ஜ் செய்த பேட்டரியில் ஓடி, அது தீர்ந்தால் பெட்ரோல் எஞ்சினுக்கு மாறும் வகை) 9 வயது. புதிதில் முழு சார்ஜில் 40 கிலோமீட்டர் போகும். இப்போது 27-க்கு மேல் போவதில்லை. அலுவலகம் போய்வர 30 கிலோமீட்டர். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி அப்பியிருக்கிறது. நான் ஆயில் ஊற்றவே இல்லை, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது! மெக்கானிக் ‘ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்’ என்கிறார்; எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் தகடாம் அது. பேட்டரியை மாற்றுவதா, எஞ்சினைப் பிரிப்பதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். 30-இல் 27 போனால் மீதி 3. உங்கள் காரின் நோய் அந்த 3 கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் எஞ்சின் பேசாமல் தூங்கியது. இப்போது தினமும் வீடு நெருங்கும்போது பேட்டரி தீர்ந்து, அது ஜில்லென்று இருக்கும் நிலையிலேயே எழுந்து ஓடுகிறது. சூடாவதற்குள் நீங்கள் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகத் தெளிக்கப்படும். எரியாத மிச்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். எரிந்ததில் பிறக்கும் நீராவியும் உள்ளேயே படியும். ஆயில் 100 டிகிரி பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். 3 கிலோமீட்டரில் கூலண்டே சூடாகாதே, ஆயில் எங்கே சூடாவது? ஆயிலோடு கலந்த தண்ணீர்தான் அந்த வெண்ணெய். ஏறிய அளவு பெட்ரோல்.

என் பழைய ஹைப்ரிடிலும் இது வந்தது. டிப்ஸ்டிக் ஆயிலை இரண்டு விரலுக்கிடையே தேய்த்தேன். வழவழப்பே இல்லை, முகர்ந்தால் பங்க் வாசனை. நீங்களும் செய்து பாருங்கள். கேஸ்கெட் சந்தேகம் தீர, எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் தொட்டியில் மட்டத்தை மார்க்கரால் கோடிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். கோடு இறங்கவில்லை, டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த நிறம் இல்லை என்றால் கேஸ்கெட் பெரும்பாலும் தப்பித்தது.

ஆயிலையும் ஃபில்டரையும் இந்த வாரமே மாற்றுங்கள். ‘2,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லையே’ என்ற கணக்கு இந்த வண்டிகளுக்கு உதவாது. வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். நீர்த்துப்போகிறதே என்று கெட்டி ஆயில் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கையேட்டில் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ரகம் இருந்தால் அதேதான்.

அப்புறம், வாரத்தில் ஒரு நாள் பேட்டரியைச் சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, நிற்காத நீண்ட ஓட்டமாக எஞ்சினிலேயே போய்வாருங்கள். மற்ற நாளில் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் கிடைத்தால் அந்த 3 கிலோமீட்டர் தொல்லையே இல்லை. எஞ்சினை அவ்வப்போது ஓட்ட, முதல் தலைமுறை செவர்லே வோல்ட் என்ற பிளக்-இன் ஹைப்ரிடில் ஏற்பாடே உண்டு: எஞ்சின் ஆறு வாரம் ஓடாவிட்டால் கார் தானே அதைச் சிறிது நேரம் ஓட்டிவிடும்.

பேட்டரி? 9 வயதுக்கு இந்தத் தேய்மானம் என்னைத் திடுக்கிட வைக்கவில்லை. சின்னப் பேட்டரி, தினமும் நிறைந்து காலியாகிறது. முழு மின்சார காரின் பெரிய பேட்டரியில் அதே தூரத்துக்கு ஒரு மூலைதான் செலவாகும். நிறைந்த சார்ஜோடு வெயிலில் நிற்பதுதான் அதற்குப் பகை. கிளம்பும் நேரத்துக்கு ஒட்டி சார்ஜ் முடியும்படி டைமர் வையுங்கள். பேட்டரிக்குக் காற்று போகும் துளை பின் சீட்டருகே இருந்தால் தூசியையும் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: பெரிய பேட்டரி நிறைந்திருந்தும், பத்து நாள் நிறுத்திவைத்தால் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிந்து கார் கிளம்ப மறுக்கிறதே?

பதில்: 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் ரிலே என்ற சுவிட்சைப் போடுவதே அந்தச் சின்னதுதான். அது படுத்துவிட்டால் பெரியதில் எவ்வளவு இருந்தும் அந்த மின்சாரம் வெளியே வராது.