மரியாள் யோவான் வீட்டில் எத்தனை மாதம்?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. சென்ற மாதம் சபையில் பிள்ளைகளுக்காக ஓர் அனிமேஷன் படம் போட்டார்கள். இயேசுவின் கதைதான், ஆனால் யோவான் என்ற சீஷனின் கண்வழியே சொல்லப்படுகிறது. அதில் யோவான் பதின்வயதுப் பையன். மீன் பிடிக்கிறான், அண்ணனோடு சண்டை போடுகிறான், ஜோக் அடிக்கிறான். இதெல்லாம் பைபிளில் எங்கே இருக்கிறது? படம் பார்த்த நாளிலிருந்து மகன் என்னைக் கேள்வி கேட்டே துளைக்கிறான். யோவானுக்கு நீச்சல் தெரியுமா, அவன் அப்பா ஏன் கூடப் போகவில்லை, மரியாள் யோவான் வீட்டில் எத்தனை மாதம் இருந்தார்கள், அப்புறம் யார் வீட்டுக்குப் போனார்கள் என்று பைபிளிலேயே இல்லாததைக் கேட்கிறான். சிலுவைக் காட்சியில் அழுதுவிட்டான். வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விகளுக்கு என் மாமியார்தான் பதில் சொல்வார். அவர் இப்போது கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். எங்கள் முறை வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். கணவரோ 'கார்ட்டூன்தானே, விடு' என்கிறார். இப்படிப்பட்ட படங்கள் பிள்ளையின் விசுவாசத்தைக் குழப்பிவிடாதா? மறுபடி பார்க்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறான். காட்டலாமா?

- குழப்பத்தில் ஒரு தாய்

பதில்: படத்தை முதலில் முடித்துவிடுவோம். அதில் நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை.

யோவானின் வயதைச் சுவிசேஷங்கள் எங்கேயும் சொல்லவில்லை. ரோமப் பேரரசன் டிராஜன் காலம்வரை அவர் உயிரோடு இருந்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் இரேனியுஸ் என்ற பேராயர் எழுதிவைத்திருக்கிறார். டிராஜன் ஆட்சிக்கு வந்தது கி.பி. 98இல். அதுவரை ஒருவர் இருந்திருந்தால், இயேசுவின் பின்னால் போன நாளில் அவருக்கு மீசைகூட அரும்பியிருக்காது. மேற்கத்திய ஓவியங்களிலும் காலங்காலமாகப் பெரும்பாலும் அவர் தாடியில்லாத இளைஞர்தான். ஆகவே படம் எடுத்தவர்கள் ஒன்றும் புதிதாகக் கிளப்பிவிடவில்லை.

அண்ணன் தம்பி சண்டை இருந்ததா என்று தெரியாது. ஆனால் யோவானும் அண்ணன் யாக்கோபும், செபெதேயுவின் இரண்டு பிள்ளைகளும், சாதுக்கள் இல்லை. இயேசுவே அவர்களுக்கு 'இடிமுழக்க மக்கள்' என்று பெயர் வைத்தார். ஒரு சமாரிய கிராமம் தங்களை ஏற்கவில்லை என்றதும், வானத்திலிருந்து அக்கினியை இறக்கிச் சுட்டெரிக்கட்டுமா என்று கேட்டவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவன் ஒரு காட்சியில் அண்ணனைத் தள்ளிவிட்டான் என்றால் நான் நம்புவேன்.

இயேசுவையே கதையின் நடுவில் வைத்துப் பிள்ளைகளுக்குப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் தவறு செய்யமாட்டார், சந்தேகப்படமாட்டார், பாதிக் கதையில் புத்தி வந்து திருந்தவும் மாட்டார். பக்கத்தில் நிற்கிற சீஷன் இத்தனையும் செய்வான். உங்கள் மகனும் செய்வான். அதனால்தான் கதையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டில் வந்த பொம்மை அனிமேஷன் படம் ஒன்று யவீருவின் மகள் கண்வழியே இதே கதையைச் சொன்னது. அந்தச் சிறுமிக்குப் பன்னிரண்டு வயது, இறந்து எழுந்தாள், இவ்வளவுதான் பைபிளில் இருக்கிறது. பெயர்கூடக் கிடையாது. படத்தில் பெயர் வைத்தார்கள், பேசவைத்தார்கள். அதனால் யாருடைய விசுவாசமும் கெட்டுப்போனதாக நான் கேள்விப்படவில்லை.

அப்புறம், பைபிளில் இல்லாததைக் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கடைசியாக எப்போது அதைத் திறந்தீர்கள்? அவன் அப்பா ஏன் கூடப் போகவில்லை என்பதற்கு மாற்கு முதல் அதிகாரத்தைப் பாருங்கள். செபெதேயு கூலியாட்களோடு படவிலேயே இருந்துவிட்டார். நீச்சலைப் பற்றி நேராக இல்லை. ஆனால் யோவான் 21ஆம் அதிகாரத்தில் கரையில் நிற்பது கர்த்தர் என்றதும் பேதுரு கடலில் குதிக்கிறான், மற்ற சீஷர்கள் படவிலேயே வருகிறார்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு இது போதும், மீதியை அவனே கற்பனை செய்துகொள்வான்.

இப்போது நீங்கள் அந்த இரண்டு கேள்விகளோடு சேர்த்துச் செருகிவிட்டுப் போன இன்னொன்றுக்கு வருகிறேன். மரியாள் யோவான் வீட்டில் எத்தனை மாதம் இருந்தார்கள், அப்புறம் யார் வீட்டுக்குப் போனார்கள்?

அந்தப் பிள்ளைக்கு 'மாதம்' எங்கிருந்து வந்தது, அம்மா? சுவிசேஷத்தில் இதற்கு மாதக்கணக்கு இல்லை. எந்தப் படத்திலும் அதை வைத்திருக்கமாட்டார்கள். உங்கள் வீட்டில் இருக்கிறது. பாட்டி என்றால் குறிப்பிட்ட மாதம் வந்து இருப்பவர், தேதி முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவர் என்று அவன் பார்த்து வளர்ந்திருக்கிறான். மரியாளுக்கும் அப்படி ஒரு முறை இருந்திருக்கும், யோவான் வீட்டில் முடிந்ததும் பேதுரு வீட்டிலோ அந்திரேயா வீட்டிலோ போய் இறங்கியிருப்பார் என்று நினைக்கிறான். இதில் குழப்பம் எங்கே இருக்கிறது? வீட்டில் பார்த்ததை வைத்துத் திரையில் பார்த்ததைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறான். குழம்பிப்போனது நீங்கள்தான். பிள்ளை உங்களைப் பற்றிக் கேட்ட கேள்வியைப் படத்தைப் பற்றிய கேள்வி என்று எண்ணி எனக்கு அனுப்பிவிட்டீர்கள்.

சரி, அவன் கேள்விக்குப் பதில் சொல்வோம். யோவான் 19ஆம் அதிகாரம். சிலுவையின் அருகே தாய் நிற்கிறார், 'அன்பாயிருந்த சீஷன்' நிற்கிறான். அவன் யோவான்தான் என்பது சபையின் மரபு. அந்தத் தாய்க்கு நாதியில்லாமல் இல்லை. மாற்கு 6ஆம் அதிகாரத்தில் ஊர்க்காரர்கள் இயேசுவின் சகோதரர் என்று யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் ஆகிய நான்கு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மரியாள் பெற்றவர்கள், யோசேப்பின் முதல் மனைவி பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்று சபைக்குச் சபை வேறு வேறாகச் சொல்வார்கள். எதை வைத்துக்கொண்டாலும், உறவென்று சொல்லிக்கொள்ள நான்கு ஆண்கள் இருந்தார்கள். ஆளுக்கு மூன்று மாதம், வருடம் கச்சிதமாக முடிந்துவிடும். மூச்சுவிடவே திணறுகிற நேரத்தில் இயேசு அந்தக் கணக்கைப் போடவில்லை. ஒருவனைப் பார்த்து 'அதோ, உன் தாய்' என்றார். அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவரைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். எப்போது அழைத்துப் போனான் என்று எழுதியிருக்கிறது. எப்போது திருப்பி அனுப்பினான் என்று எந்த அதிகாரத்திலும் இல்லை.

இதை அவனிடம் சொல்லுங்கள். அடுத்து என்ன கேட்பான் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் கணவரோ கொழுந்தனாரோ பைபிளைப் புரட்டி, 'என் தாய் யார்' என்று இயேசுவே கேட்டாரே என்று ஆரம்பிக்கலாம். கேட்டார், மாற்கு மூன்றாம் அதிகாரம். அதே மாற்குவில் நான்கு அதிகாரம் தள்ளிப் படிக்கச் சொல்லுங்கள். பெற்றவர்களுக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை அவர் எப்படித் திட்டினார் என்று அங்கே இருக்கிறது. சபைக்குப் போகிறோம், பிள்ளைக்கு நல்ல படம் காட்டுகிறோம் என்று கணக்குக் காட்டுகிற நமக்கும் சேர்த்துத்தான் அந்தத் திட்டு.

முறை வைத்துப் பார்ப்பதைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. மூத்தவர் பத்து நாள் முன்னதாகவே கொண்டுவந்து விட்டுவிட்டார் என்று எழுதுவார்கள். பிப்ரவரியில் நாள் குறைவு, எங்களுக்கு மட்டும் எப்போதும் முப்பத்தொன்று வருகிறது என்று நியாயம் கேட்டவர்களும் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்தும் கடிதம் வரும், எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கும். பெட்டியை முழுசாகப் பிரிப்பதில்லை என்பார்கள். உடுத்தும் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மடித்தபடியே வைத்திருப்பார்கள். மாத்திரை அட்டையைப் பெட்டியின் வெளிப்பையில் வைத்துக்கொண்டால் கிளம்பும்போது தேடவேண்டாமாம். சொந்த மகன் வீட்டில், விடுதியில் தங்குகிற மாதிரி. உங்கள் அத்தை அப்படி இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டு அலமாரியில் அவருக்கென்று ஒரு தட்டு இருக்கிறதா, அவர் இல்லாத மாதங்களிலும் அது காலியாக இருக்கிறதா என்று நீங்களே எழுந்து போய்ப் பாருங்கள்.

எல்லா முறையும் தப்பு என்று நான் சொல்லவரவில்லை. எல்லாப் பேரப்பிள்ளைகளையும் பார்க்கவேண்டும் என்று தாமாகவே சுற்றிவரும் அம்மாக்கள் இருக்கிறார்கள். கை கால் நன்றாக இருக்கும்வரை அது சந்தோஷம்தான். அங்கே தேதியை முடிவு செய்வது அம்மா. பிள்ளைகள் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு அம்மாவுக்குத் தகவல் சொல்வது வேறு விஷயம். உங்கள் வீட்டில் நடப்பது எது? எங்கே இருக்கப் பிடிக்கும் என்று பெற்ற பிள்ளைகளில் ஒருவராவது அவரிடம் கேட்டதுண்டா? கடிதத்தைப் பார்த்தால் கேட்டதாகத் தெரியவில்லை.

'கார்ட்டூன்தானே, விடு' என்றவரை நான் விடுவதாக இல்லை. அவர் உங்கள் கணவரைப் பெற்ற தாய். பெற்றவளைப் பார்க்கும் கடமை முதலில் மகனுக்கு, அப்புறம்தான் மருமகளுக்கு. சிலுவையடியில் சொல்லப்பட்டதும் ஓர் ஆண்பிள்ளையிடம்தான். யோவானுக்கு மனைவி இருந்தாளா என்று எழுதப்படவில்லை. இருந்திருந்தால் முழு வேலையும் அவள் தலையில் விழுந்திருக்கும், பெயர் மட்டும் சீஷனுக்குப் போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அத்தை நிரந்தரமாக வருவதென்றால் இரவில் எழுந்து தண்ணீர் கொடுப்பதும், மருத்துவரிடம் கூட்டிப்போவதும், மருந்து தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் உங்கள் கணவர் வேலை. இதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அந்த எரிச்சலை அந்த அம்மாமேல் காட்டுவதற்கு, இப்போதைய முறையே தேவலை.

உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். பிள்ளைக்குப் பைபிள் கதையில் சந்தேகம். பதில் சொல்லக்கூடியவர் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டில் போன் இல்லையா? இரண்டு மாதம் பொறுக்கமுடியாமல் முன்பின் தெரியாத எனக்குக் கடிதம் எழுதினீர்கள், அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை. முறை இல்லாத மாதங்களில் அவர் உங்களுக்கு யாருமே இல்லை என்று ஆகிவிட்டதா? கோபத்தில் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பதில் வேண்டும்.

இன்றைக்கே மகனைப் பாட்டியோடு பேசவிடுங்கள். யோவானின் நீச்சலைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். அந்த 'எத்தனை மாதம்' கேள்வியை மட்டும் அவன் வாயால் அவரிடம் போகவிடாதீர்கள். பெரியவர்கள் பேசவேண்டியதைப் பிள்ளையைத் தூதுவிட்டுப் பேசக்கூடாது. பேரனின் கேள்வியில் இருப்பது அந்த அம்மாவுக்கு உங்களைவிட வேகமாகப் புரியும், வலிக்கும்.

சிலுவைக் காட்சியில் அழுதது பற்றிக் கவலை வேண்டாம். அது அழவேண்டிய இடம். ஒன்பது வயதில் அங்கே அழாத பிள்ளையைப் பற்றித்தான் நான் யோசிப்பேன். தூக்கத்தில் பயந்து எழுந்தால் மட்டும் சில நாள் விட்டுப்பிடியுங்கள்.

மறுபடி காட்டலாமா என்றால், காட்டுங்கள். அவனைத் தனியாக உட்கார வைக்காதீர்கள். பாட்டி பக்கத்தில் இருக்கட்டும். எந்த இடத்தில் படம் பைபிளைத் தாண்டிப் போகிறது என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்வார், நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் கணவரும் கூட உட்காரட்டும், முக்கியமாக அந்தச் சிலுவைக் காட்சி வரும்போது போனை எடுத்துக்கொண்டு வெளியே போகாமல்.

அவர் தம் அம்மாவிடம் 'எங்கே இருக்கப் பிடிக்கும்' என்று கேட்டாரா, என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியவேண்டும். அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதவேண்டாம். அவரையே எழுதச் சொல்லுங்கள்.