மலைப்பாதையில் கைப்பேசி சொல்வதைக் கேட்கலாமா? – கேள்வி பதில்

கோவை – நீலகிரித் தடத்தில் நெடுங்காலமாக வாடகைக் கார் ஓட்டிவருபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கைப்பேசி கல்லட்டி வழியைக் காட்டுகிறது. கூடலூர் வழியில் பாதித் தூரம்கூட இல்லை. அதிலேயே இறங்கலாமா, அண்ணா? (சேலம்)

பதில்: தூரம் குறைவுதான், தம்பி. ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். சமவெளியில் ஓட்டிப் பழகியவர் வழிநெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார். பாதி வழியில் கருகல் வாடை அடிக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி பிடிபடாது. அங்கே பல உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் வெளியூர் வண்டிகளைத் தலைக்குந்தாவிலேயே மறித்துக் கூடலூர் வழியில் திருப்பிவிடுகிறார்கள். கூடலூர் வழியிலும் ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல், விட்டு விட்டு மிதியுங்கள்.

கேள்வி: காட்டுக்குள் சிக்னல் கிடைக்காதே, அப்போது வழி எப்படித் தெரியும்? (விழுப்புரம்)

பதில்: இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டீர்கள், ஐயா. நீங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவுபவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள். நான்கு செயற்கைக்கோள்களின் அலை வந்து சேர்ந்தால் போதும், சிம் கார்டே தேவையில்லை. இணையம் வேண்டியது வரைபடத்துக்கும் நெரிசல் நிலவரத்துக்கும்தான். எனவே புறப்படும் முன் வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் மலைச்சுவர் மறைக்கும் இடங்களில் புள்ளி சற்றுத் தள்ளிக் குதிக்கும். அந்த நேரத்தில் திரையை விட்டுவிட்டுச் சாலையைப் பாருங்கள்.

கேள்வி: 20 நிமிடம் மிச்சம் என்று உள்சாலை ஒன்றைக் காட்டினால் நம்பலாமா? (ஈரோடு)

பதில்: நான் நம்பமாட்டேன். சாலையில் நகரும் கைப்பேசிகளின் வேகத்தை வைத்துத்தான் நெரிசலைக் கணக்கிடுகிறார்கள். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் நெரிசலும் இருக்காது அல்லவா? 2024 ஜனவரியில் கூடலூரில், வழிகாட்டும் செயலியை நம்பி வந்த சுற்றுலாக் கார் ஒன்று குடியிருப்புக்கு நடுவே இருந்த படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது.

மைல்கல்லின் தலையைக் கவனியுங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. மஞ்சளில் கிளம்பியவர் ஆரஞ்சுக்கு வந்துவிட்டால், இருட்டும் முன் வண்டியைத் திருப்பிவிடுவதே நல்லது.

கேள்வி: என் கணவர் யாரிடமும் வழி கேட்கமாட்டார். கைப்பேசிதான் அவருக்கு வேதவாக்கு. (மதுரை)

பதில்: நீங்கள் கேளுங்கள், அம்மா. கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. “இந்த ரோடு கோத்தகிரிக்குப் போகுமா?” என்றால் எல்லோரும் “போகும்” என்றுதான் சொல்வார்கள், மாட்டு வண்டித் தடம்கூடப் போகத்தான் செய்யும். “இதில் பஸ் போகுமா?” என்று கேளுங்கள். பஸ் திரும்பும் வளைவில் உங்கள் கார் தாராளமாகத் திரும்பும். வழிப்போக்கரைவிட டீக்கடையில் நிற்கும் லாரி ஓட்டுநரிடம் கேட்பது உத்தமம். நேற்று எங்கே மண் சரிந்தது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: இரவோடு இரவாகக் கூடலூர் வழியே மைசூரு போய்விடலாமா? (திருப்பூர்)

பதில்: முடியாது. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். சத்தியமங்கலம் வழியே மைசூரு போகும் திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. கூடலூரிலேயே தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள்.

கேள்வி: காகித வரைபடம் இன்னும் தேவையா? (தஞ்சாவூர்)

பதில்: கட்டாயமில்லை. ஆனால் மேட்டுப்பாளையம், பர்லியாறு, குன்னூர், ஊட்டி என்று ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சீசன் நாட்களில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்கிவிடுவார்கள். அப்போது கைப்பேசி எதைச் சொன்னாலும் போலீசார் கை காட்டும் பக்கம் போங்கள். நீலகிரிக்குள் நுழைய இணையத்தில் பெறும் அனுமதியான இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதீர்கள்.