யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜூன் மாதம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் காரில் செல்ல இருக்கிறோம். அங்குள்ள எட்டு வடிவச் சாலையை ஒரே நாளில் சுற்றிவிடலாமா?

பதில்: சுற்றிவிடலாம், ஆனால் வண்டி ஓட்டியது மட்டும்தான் நினைவில் நிற்கும். கிராண்ட் லூப் எனப்படும் அந்தச் சாலையின் நீளம் சுமார் 230 கிலோமீட்டர்தான் என்றாலும், பெரும்பாலான இடங்களில் மணிக்கு 45 மைலுக்கு மேல் செல்ல அனுமதி இல்லை. பைசன் எனப்படும் காட்டெருமை மந்தை சாலையில் இறங்கிவிட்டால், அது தானாக விலகும் வரை காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். அதில் ஒரு நாளை மாடிசன் சாலைச் சந்திப்புக்கும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற புகழ்பெற்ற ஊற்றுக்கும் இடைப்பட்ட 26 கிலோமீட்டருக்கே கொடுத்துவிடுங்கள். உலகில் பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்றுகளில் ஏறத்தாழ பாதி இந்தப் பூங்காவில் இருக்கின்றன. அவற்றில் மிகப் பலவற்றை இந்தச் சிறு தொலைவிலேயே காணலாம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும். அடுத்து எப்போது என்பதைப் பார்வையாளர் மையத்தில் அறிவிப்பார்கள்.

கேள்வி: ஊற்றுகளில் நீலம், மஞ்சள், செம்மஞ்சள் என்று இத்தனை நிறங்கள் எப்படி வருகின்றன?

பதில்: நீலம் நீருக்கு உரியது, மற்றவை உயிர்களுக்கு உரியவை. சுமார் 100 மீட்டர் அகலமுள்ள கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றின் நடுப்பகுதி, நிறமிகள் கொண்ட நுண்ணுயிர்கள் தாங்க முடியாத அளவு சூடானது. அங்கே தெளிந்த ஆழமான நீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு நீல ஒளியைச் சிதறடிக்கிறது. விளிம்பை நோக்கி வரவர நீர் ஆறுகிறது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஏற்ற நுண்ணுயிர்க் கூட்டம் குடியேற, மஞ்சள், செம்மஞ்சள், பழுப்பு என வளையங்கள் உருவாகின்றன. மரப்பலகைப் பாதையின் ஓரமாக நின்று, ஊற்றிலிருந்து வழிந்தோடும் நீரைச் சற்று நேரம் கவனியுங்கள். விரல் ஆழம்கூட இல்லாத அந்த ஓட்டத்தின் அடியில் பாசிப்படலம் போன்ற விரிப்பு சுருக்கம் சுருக்கமாகப் படிந்திருப்பதும், சில அடி தூரத்துக்குள் அதன் நிறம் மாறுவதும் தெரியும். குளிர்ந்த காலை வேளையில் நீராவி எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால், நண்பகலை ஒட்டிச் செல்வதே நல்லது. ஃபேரி அருவிப் பாதையில் சிறிது தூரம் ஏறினால், முழு வட்டத்தையும் மேலிருந்து பார்க்கலாம்.

இந்த நுண்ணுயிர்களை வெறும் வண்ணமாக எண்ணிவிடக் கூடாது. 1966இல் தாமஸ் பிராக் என்ற அறிவியலாளர் இப்பூங்காவின் ஊற்றிலிருந்து எடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதிதான், கொரோனா காலத்தில் நாம் அனைவரும் அறிந்துகொண்ட பிசிஆர் பரிசோதனை பரவலாவதற்கு வழி செய்தது. மறுபக்கம், மார்னிங் குளோரி ஊற்றில் பலர் நாணயங்களையும் குப்பைகளையும் போட்டதால் நீர் வரும் துளை அடைபட்டு, வெப்பம் குறைந்து, விளிம்பிலிருந்த மஞ்சள் உள்நோக்கிப் பரவி, முன்பிருந்த ஆழ்ந்த நீலம் போய்விட்டது. தயவுசெய்து உங்களுடன் வரும் சிறுவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: நீரைத் தொட்டுப் பார்க்கலாமா? பாதையை விட்டு இறங்கிப் படம் எடுக்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது, சட்டமும் அதைத் தடை செய்கிறது. பூங்கா கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருப்பதால், அங்கே நீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். பல ஊற்றுகள் அந்த நிலையில்தான் இருக்கின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து தரைதான். கெட்டியாகத் தோன்றும் வெள்ளை நிலம் பல இடங்களில் மெல்லிய ஓடு மட்டுமே. அதன் கீழே கொதிநீர் இருக்கும். இதுவரை 20 பேருக்கு மேல் இங்கே வெந்நீரில் வெந்து இறந்திருக்கிறார்கள். பாதையிலேயே நின்றாலும் சிறு குழந்தைகளின் கையை விடாதீர்கள். காற்று தொப்பியையோ கைபேசியையோ ஊற்றின் ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்டால், எட்டி எடுக்க முயலாமல் பூங்காக் காவலரிடம் தெரிவியுங்கள்.