கால்பந்து உலகக் கோப்பை 2026: வாசகர் கேள்விகள்

டிக்கெட் கிடைத்துவிட்டது. விசாவும் தானாக வந்துவிடும்தானே?

வராது. டிக்கெட் வேறு, விசா வேறு. ஆட்டங்கள் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என மூன்று நாடுகளில். டிக்கெட் வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசா நேர்காணல் சீக்கிரம் கிடைக்க ஃபிஃபா பாஸ் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நேர்காணலில் முடிவெடுப்பது தூதரகம்தான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். கனடாவையும் அப்படி நினைத்துவிடாதீர்கள், அதன் விதியைத் தனியாகப் பாருங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையை மட்டும் பதிவு செய்யுங்கள்.

தெரிந்தவர் ஒருவர் டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். டிக்கெட் ஃபிஃபா செயலிக்குள்தான் இருக்கும், படத்தைக் காட்டி உள்ளே போக முடியாது. மறுவிற்பனை டிக்கெட் வேண்டுமென்றால் ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளத்தில் வாங்குங்கள்.

பாஸ்டனில் ஆட்டம். நகர நடுவில் அறை எடுத்திருக்கிறேன். மைதானத்துக்கு நடந்தே போய்விடலாமா?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. வரைபடத்தை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு அறை எடுத்திருக்கலாமே? 'பாஸ்டன் ஸ்டேடியம்' இருப்பது ஃபாக்ஸ்பரோவில், பாஸ்டனிலிருந்து 45 கிலோமீட்டர். 'டாலஸ்' மைதானம் ஆர்லிங்டனில், 30 கிலோமீட்டர். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி மைதானம் சான்டா கிளாராவில், நகரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். இறுதி ஆட்டத்துக்கு எல்லோரும் நியூயார்க் போகிறோம் என்கிறார்கள். அந்த மைதானம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூஜெர்சியில் இருக்கிறது. மைதானங்களுக்கு வழக்கமாக இருக்கும் விளம்பர நிறுவனப் பெயர்களை எடுத்துவிட்டு நகரத்தின் பெயரை வைத்ததில்தான் இந்தக் குழப்பம். ஊர்ப் பெயரையும் கூடவே பெரிதாகப் போடலாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சரி, அறை எடுத்தாகிவிட்டது. பாஸ்டன் சவுத் ஸ்டேஷனிலிருந்து ஆட்ட நாளில் தனி ரயில் விடுகிறார்கள், அதற்கு இப்போதே சீட்டு வாங்கிவிடுங்கள். திரும்பும் வழியையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். ஆட்டம் முடிந்ததும் 60,000 பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், அப்போது டாக்ஸி தேடினால் அகப்படாது. அடுத்த முறை மைதானத்தின் முகவரியைப் பார்த்துவிட்டு அறை எடுங்கள். அதுவும் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாக இருக்கட்டும்.

இரண்டு வயதுக் குழந்தைக்கும் டிக்கெட் வேண்டுமா?

வேண்டும்.

மெக்சிகோ நகரில் தொடக்க ஆட்டம் பார்க்கிறேன். ஏதாவது எச்சரிக்கை?

அந்நகரம் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படியேறினாலே மூச்சு வாங்கும். ஜூன் 11 ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய் உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து பார்ப்பவன் நான். 104 ஆட்டங்களில் எதைத் தவறவிடக் கூடாது?

உங்கள் அணி எது என்று எழுதியிருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பேன். பொதுவாகச் சொன்னால், ஒவ்வொரு பிரிவிலும் கடைசிச் சுற்று. ஒரே பிரிவின் இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். 1982 உலகக் கோப்பையில், ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போகப் போதுமான 1-0 கிடைத்ததும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தன, முந்தைய நாளே ஆடி முடித்த அல்ஜீரியா வெளியேறியது. அதன்பின் 1986 முதல் இந்த விதி வந்தது. இம்முறை 12 பிரிவுகளிலும் மூன்றாமிடம் பிடிக்கும் அணிகளில் எட்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். அதனால் ஒரு பிரிவில் விழும் கோல் வேறொரு பிரிவின் அணியை வெளியே அனுப்பலாம். புள்ளிப் பட்டியலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஆட்டத் தேதி அட்டவணைக்கு அட்டவணை மாறுகிறதே, எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். நியூயார்க் நேரம் 20-ஆம் தேதி இரவு 9 மணி என்றால் லண்டனில் 21-ஆம் தேதி அதிகாலை 2 மணி. நேரத்துக்குப் பக்கத்தில் எந்த ஊர் நேரம் என்று போடாத அட்டவணையை நம்பி அலாரம் வைக்காதீர்கள்.